கப்பல் சொன்னபடி கேட்கவில்லையா? ஜாய்ஸ்டிக், கீபோர்டு தொல்லைகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

விண்வெளிக் கப்பல் ஓட்டும் விளையாட்டுகளில் கட்டுப்பாடு சரியில்லை என்றால் பழி விழுவது கையில் இருக்கும் கருவி மேல்தான். கீபோர்டில் ஆடுபவரிடம் "ஜாய்ஸ்டிக் வாங்கு" என்பார்கள். ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவரிடம் "இதைவிட நல்லதாக வாங்கு" என்பார்கள். காசை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. கோளாறு என்று நாம் நினைப்பவற்றில் சில கோளாறே இல்லை, விளையாட்டே அப்படித்தான். சில, கீபோர்டு என்ற பொருளுக்கு உள்ள எல்லை. எந்த செட்டிங்ஸை மாற்றினாலும் தீராது. மிச்சம் இருப்பவைதான் உண்மையான பழுது. அவற்றிலும் பலவற்றுக்கு ஒரு ஸ்குரூவைக் கூடக் கழற்ற வேண்டாம்.

உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## முதலில், தவறு எங்கே?

கையின் அசைவு கப்பலைப் போய்ச் சேர மூன்று இடங்களைக் கடக்கிறது: கருவி, விண்டோஸ், விளையாட்டு. எங்கே கெட்டது என்று தெரியாமல் விளையாட்டின் செட்டிங்ஸை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் மாலை முழுக்கப் போய்விடும், கப்பல் மட்டும் அப்படியே இருக்கும்.

விளையாட்டை முழுவதுமாக மூடுங்கள். விண்டோஸ் தேடல் பெட்டியில் கேம் கண்ட்ரோலர் என்று ஆங்கிலத்தில் தட்டினால், யுஎஸ்பி கண்ட்ரோலர்களுக்கான பழைய சாளரம் ஒன்று வரும். அதில் ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் ஒரு கட்டத்துக்குள் கூட்டல் குறி தெரியும். ஸ்டிக்கை அசைத்தால் அதுவும் அசையும். கையை எடுத்ததும் நடுவுக்கு வந்து அசையாமல் நிற்கிறதா, நான்கு ஓரங்களையும் தொடுகிறதா, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இந்தச் சாளரத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஸ்டிக்கைத் திட்டாதீர்கள், தவறு விளையாட்டுக்குள்தான். இங்கேயே குறி ஆடினால் விளையாட்டுக்குள் எதை மாற்றினாலும் அது ஒட்டுப்போடுவதுதான்.

இன்னொரு விஷயம். இந்தச் சாளரம் காட்டுவது காலிபரேஷன் (ஸ்டிக்கின் நடு எது, ஓரங்கள் எவை என்று விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுப்பது) செய்த பிறகு வரும் அளவு. ஸ்டிக் உண்மையில் என்ன அனுப்புகிறது என்று பார்க்க, காலிபரேஷன் வழிகாட்டியைத் தொடங்கினால் அதற்குள் மூல எண்களைக் காட்டும் ஒரு டிக் பெட்டி இருக்கும். அதை டிக் செய்து எண்களைப் படித்துவிட்டு, காலிபரேஷனை முடிக்காமலே வெளியே வந்துவிடலாம்.

## கையை எடுத்த பிறகும் கப்பல் மெல்லச் சுழல்கிறது

ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன் விளையாட்டைக் கேளுங்கள். 2014 டிசம்பரில் வந்த எலைட் டேஞ்சரஸ் போன்றவற்றில் ஃப்ளைட் அசிஸ்ட் என்று ஒன்று உண்டு. அது இயங்கும்போது நீங்கள் கையை எடுத்ததும் கப்பலின் கணினியே எதிர்த் திசையில் உந்திச் சுழற்சியை நிறுத்திவிடும். அதை அணைத்துவிட்டால் நியூட்டன் சொன்னபடிதான்: சுழலத் தொடங்கியது, நீங்கள் எதிர்ப்பக்கம் உந்தும் வரை சுழன்றுகொண்டே இருக்கும். கீபோர்டில் தெரியாமல் ஒரு கீயைத் தட்டி அதை அணைத்துவிட்டு, "ஸ்டிக் டிரிஃப்ட் ஆகிறது" என்று தேடுகிறவர்கள் உண்டு. ஸ்டார் சிட்டிசனில் டிகப்பிள்டு நிலைக்குப் போனாலும் இதே குழப்பம் வரும். மூக்கைத் திருப்பினாலும் கப்பல் பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும்.

அசிஸ்ட் இயங்குகிறது, ஆனாலும் சுழல்கிறது என்றால் சோதனைச் சாளரத்துக்குப் போங்கள். கூட்டல் குறி நடுவில் இல்லையா? யுஎஸ்பியைப் பிடுங்கி, ஸ்டிக்கின் மேல் கை படாமல் மறுபடி செருகுங்கள். சில ஸ்டிக்குகள் மின்சாரம் வந்த கணத்தில் எங்கே நிற்கின்றனவோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கை பட்டிருந்தால், கேபிள் சாய்த்திருந்தால், அன்று முழுக்க நடு தப்பிவிடும். அதிலும் சரியாகவில்லை என்றால் காலிபரேஷனை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் பட்டனை முதலில் அழுத்துங்கள். எப்போதோ அரைகுறையாகச் செய்த காலிபரேஷன்தான் பல நேரம் வில்லன். காந்தத்தை வைத்து இடத்தை அளக்கும் ஹால் சென்சார் உள்ள ஸ்டிக்குகள் தங்களுக்குள்ளேயே அளவைச் சரிபார்த்து அனுப்புவதால், அவற்றுக்கு விண்டோஸ் காலிபரேஷன் பெரும்பாலும் தேவையே இல்லை. செய்தால் கெடுவதும் உண்டு. தயாரித்தவர் தரும் மென்பொருள் இருந்தால் அதில் செய்யுங்கள்.

கடைசியாக டெட்ஸோன். நடுவைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்குள் அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று விளையாட்டுக்குச் சொல்வது அது. பூஜ்யத்தில் தொடங்கி, சுழற்சி நிற்கும் வரை ஒவ்வொரு சதவீதமாக ஏற்றுங்கள். 3, 4 சதவீதத்தில் நின்றுவிட்டால் கவலை இல்லை. 15-க்கு மேல் தேவைப்படுகிறது என்றால் ஸ்ப்ரிங்கோ சென்சாரோ தேய்ந்துவிட்டது. அவ்வளவு பெரிய டெட்ஸோனை வைத்துக்கொண்டு நுணுக்கமாகக் குறிபார்க்க முடியாது.

## விளையாட்டு தொடங்கியதுமே கப்பல் பம்பரமாகச் சுற்றுகிறது

மெல்ல நகர்வதும் இதுவும் ஒன்றல்ல. இப்படி முழு வேகத்தில் சுழன்றால் கருவி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. வேறு ஏதோ ஒரு அச்சு (கருவியில் அளவாக அசையும் ஒவ்வொரு பாகமும், திசையும் ஓர் அச்சு), நீங்கள் கேட்காமலே கப்பலோடு இணைக்கப்பட்டிருக்கிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளைச் செருகியிருந்தால், பல விளையாட்டுகள் ஒவ்வொன்றின் முதல் அச்சையும் தாமாகவே இடவலத் திருப்பத்துக்கோ மேல்கீழ் அசைவுக்கோ கொடுத்துவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் லீவர் நடுவுக்குத் திரும்புகிற கருவி இல்லையே. அடியில் நின்றால் "முழுதாக ஒரு பக்கம் தள்ளியிருக்கிறார்" என்றுதான் விளையாட்டு புரிந்துகொள்ளும். கால் பெடல்களில் இது இன்னும் நயமாக ஒளிந்திருக்கும்: பிரேக் போல விரலால் அழுத்தும் மேல்பகுதிகள் இரண்டும் தனித்தனி அச்சுகள். அழுத்தாதபோது அவை அனுப்புவது நடு மதிப்பு அல்ல, ஒரு கடைசி மதிப்பு. அது பக்கவாட்டு உந்தலோடு இணைந்துவிட்டால் கப்பல் நிற்கவே நிற்காது.

ஸ்டிக்கைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு விளையாட்டைத் தொடங்குங்கள். சுழற்சி நின்றுவிட்டதா? பிடுங்கியவற்றை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எது உள்ளே வந்ததும் ஆட்டம் தொடங்குகிறதோ, கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதன் பெயர் இருக்கும் எல்லா வரிகளையும் அழித்துவிட்டு, வேண்டியதை மட்டும் கையால் இணையுங்கள். மூலையில் மறந்து கிடக்கும் கேம்பேடையும் விட்டுவிடாதீர்கள். அதன் மேல் ஒரு புத்தகம் சாய்ந்திருந்தால் போதும்.

## குறி நடுங்குகிறது

தொலைவில் உள்ள எதிரிமேல் குறி வைக்கும்போது மட்டும் தெரியும் தொல்லை இது. காலிபரேஷன் வழிகாட்டியில் மூல எண்களைக் காட்டச் சொல்லிவிட்டு ஸ்டிக்கைப் பாதி தூரம் சாய்த்து, கை ஆடாமல் பிடியுங்கள். எண் ஓரிரண்டு மாறினால் அது கையின் நடுக்கம். எண் திடீரென்று எகிறி மறுபடி பழைய இடத்துக்கு வந்தால் அது சென்சார்.

விலை குறைந்த ஸ்டிக்குகளில் உள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகும் குமிழுக்குள் இருக்குமே, அதே பொருள்தான். கார்பன் தடத்தின் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். உரசினால் தேயும், தேய்ந்த தூள் தடத்திலேயே கிடக்கும். நாக்கு அதன் மேல் ஏறும்போதெல்லாம் எண் எகிறும். ஸ்டிக்கைத் திருகும் அசைவுக்கான சென்சார் பெரும்பாலும் மிகச் சிறியதாக, பிடியின் உள்ளேயே இருக்கும். அதனால் மற்ற இரண்டு அச்சுகளும் நன்றாக இருக்கும்போதே இது மட்டும் முதலில் நடுங்கத் தொடங்குவது வழக்கம்.

ஹால் சென்சாரில் உரசலே கிடையாது. காந்தம் நகர, அதன் புல மாற்றத்தை ஒரு சில்லு அளக்கிறது. 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு அது. த்ரஸ்ட்மாஸ்டர் டி16000எம் போல நடுத்தர விலை ஸ்டிக்குகளிலேயே முதன்மை அச்சுகளுக்கு இது வந்துவிட்டது. தேயாது என்பதற்காக எதற்கும் அசராது என்று எண்ண வேண்டாம். ஸ்பீக்கரின் காந்தத்தைப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் நடு நகரலாம். பிடியைத் தாங்கும் இயந்திரப் பாகத்தில் லூஸ் விழுந்தால் சென்சார் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

பொட்டென்ஷியோமீட்டர் நடுங்கினால் முதல் வைத்தியம் பைசா செலவில்லாதது: அந்த அச்சை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை சில நிமிடம் வேகமாக ஆட்டுங்கள். தூள் ஓரமாக ஒதுங்கிச் சில நாள் அமைதியாக இருக்கும். திரும்பவும் வந்தால், கேபிளைப் பிடுங்கிவிட்டு, எலெக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனரைச் சென்சாரின் இடுக்கில் ஒரு துளி அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். பூட்டுக்கும் கதவுக்கும் போடும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அது போகும்போது ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும், தூசி அதில் ஒட்டும்.

நடுக்கம் இல்லை, ஆனால் குறி படி படியாகத் தாவுகிறதா? அது ரெசல்யூஷன். 8 பிட் அச்சில் ஓரத்திலிருந்து ஓரம் வரை 256 படிகள்தான், நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 128. 10 பிட்டில் 1024. 16 பிட் என்றால் 65,536. பழைய 8 பிட் ஸ்டிக்கில் சென்சிடிவிட்டியை ஏற்ற ஏற்ற ஒவ்வொரு படியும் திரையில் பெரிதாகத் தெரியும். ஆகவே சென்சிடிவிட்டியைக் குறைத்து, நடுப்பகுதி மென்மையாக இருக்கும்படி கர்வ் (ஸ்டிக் எவ்வளவு சாய்ந்தால் கப்பல் எவ்வளவு திரும்பும் என்ற கணக்கு) வையுங்கள். சென்சார் எகிறும் நடுக்கத்துக்கு இந்த வைத்தியம் உதவாது. கர்வ் அதை நடுவில் கொஞ்சம் மூடிவைக்கும், ஓரத்தில் இன்னும் பெரிதாக்கும்.

## கீபோர்டில் சுட்டுக்கொண்டே திரும்பினால் திரும்பவில்லை

சட்டென்று நம்ப முடியாத கோளாறு இது, ஏனென்றால் ஒவ்வொரு கீயும் தனித்தனியே அழுத்தினால் சரியாக வேலை செய்யும். இரண்டு சேர்ந்தாலும் செய்யும். மூன்றாவது சேரும்போது ஒன்று காணாமல் போகும்.

கீபோர்டுக்குள் ஒவ்வொரு கீக்கும் தனிக் கம்பி கிடையாது. வரிசைக் கம்பிகளும் நெடுக்குக் கம்பிகளும் ஒரு வலையாக ஓடுகின்றன, அவை சந்திக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு கீ. வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள கீகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்சாரம் சுற்றிக்கொண்டு போய் நான்காவது மூலையும் அழுத்தப்பட்டது போலக் காட்டும். இந்தப் பொய்யான கீயைத் தவிர்க்க, சந்தேகம் வந்தால் மூன்றாவதைப் புறக்கணித்துவிடு என்று கீபோர்டில் எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் சுட அழுத்திய கீ அப்படித்தான் மறைகிறது. ஒவ்வொரு கீக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்று வைத்த கீபோர்டுகளில் இந்தத் தொல்லை வராது.

இதற்கு மேல் இன்னொரு வரம்பும் உண்டு. யுஎஸ்பி கீபோர்டு அனுப்பும் அடிப்படைச் செய்தியில் ஆறு சாதாரண கீகளுக்குத்தான் இடம். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், விண்டோஸ் கீகளுக்குத் தனி இடம். ஆனால் ஆறைத் தொடுவதற்கு முன்பே வலைப் பிரச்சினை வந்துவிடும். மூன்றில் சிக்குகிற மலிவான கீபோர்டுகளே அதிகம்.

சோதிக்க நோட்பேடே போதும். நீங்கள் வழக்கமாகச் சேர்த்து அழுத்தும் இரண்டு கீகளைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைத் தட்டுங்கள். எழுத்து வரவில்லையா? அந்தச் சேர்க்கை உங்கள் கீபோர்டில் எடுபடாது. மூன்றில் ஒன்றை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பக்கத்துக் கீக்கு மாற்றினாலே சரியாகிவிடலாம், ஏனென்றால் உள்ளே ஓடும் வலை மேலே தெரியும் வரிசையோடு ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை. அதைவிட நம்பகமானது, அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டிய வேலைகளை ஷிஃப்ட், கண்ட்ரோல் கீகளுக்குக் கொடுப்பது. பெரும்பாலான கீபோர்டுகளில் அவற்றை வலையில் மற்றவற்றோடு மோதாதபடி வைத்திருப்பார்கள். சுடுவதை மவுஸ் பட்டனுக்குக் கொண்டுபோய்விட்டால் இன்னும் நல்லது.

## ஷிஃப்ட்டை அழுத்தினால் ஏதோ சாளரம் குறுக்கே வருகிறது

மேலே சொன்ன யோசனைக்குப் பக்கவிளைவு இது. ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேள்வி வரும், வலது ஷிஃப்ட்டை எட்டு நொடி பிடித்தால் ஃபில்டர் கீஸ் வரும். பூஸ்ட்டை அதில் வைத்தவருக்கு இரண்டுமே சண்டை நடுவில்தான் வரும். விண்டோஸ் செட்டிங்ஸில் அணுகல் வசதிகள் பகுதியில் கீபோர்டுக்குப் போய் இந்தக் குறுக்குவழிகளை அணைத்துவிடுங்கள்.

நம்மைப் போல இரண்டு மொழியில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொன்று. இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் உள்ளீட்டு மொழி மாறும். தமிழுக்கு மாறிவிட்டால் சில விளையாட்டுகள் கீயின் இடத்தைப் பார்க்கும், எதுவும் ஆகாது. சில எழுத்தைப் பார்க்கும், அப்போது பாதிக் கட்டுப்பாடுகள் செத்துவிடும். தமிழ் எழுதும் செயலி பின்னணியில் ஓடினால் விளையாடும்போது அணைத்து வைப்பதே நிம்மதி.

## கீபோர்டில் குறி எதிரியைத் தாண்டித் தாண்டிப் போகிறது

இங்கே பழுது எதுவும் இல்லை. ஜாய்ஸ்டிக் விவாதம் முழுக்க இந்த ஒரு அறிகுறியில்தான் அடங்கியிருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

கீக்கு இரண்டே நிலை. அழுத்தினால் முழு வேகத் திருப்பம், விட்டால் பூஜ்யம். ஸ்டிக்கைப் பத்தில் மூன்று பங்கு சாய்க்கலாம். கீயைச் சாய்க்க முடியாது. இதை ஈடுகட்ட, சில விளையாட்டுகள் கீயைப் பிடித்திருக்கும் நேரத்தைப் பார்த்துத் திருப்பத்தை மெல்ல ஏற்றுகின்றன. அந்த அமைப்பு இருந்தால் ஏறும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். நீட்டிப் பிடிக்காமல் சிறு சிறு தட்டுகளாக அடித்துப் பழகுவதும் உதவும். அதற்கு மேல் கீபோர்டால் முடியாது.

ஆனால் கப்பலுக்கு வேண்டியது திருப்பம் மட்டும் அல்ல. மூக்கு மேலே கீழே, இடம் வலம், உடல் உருளல் என்று மூன்று சுழற்சிகள். முன் பின், இடம் வலம், மேல் கீழ் என்று மூன்று நகர்வுகள். மொத்தம் ஆறு, இரண்டு திசையாகப் பார்த்தால் பன்னிரண்டு கீ. இதில் அளவாக வேண்டியவை மூன்று சுழற்சிகளும் முன்வேகமும்தான். பக்கவாட்டில் ஒதுங்குவது, எதிரியின் குண்டிலிருந்து மேலே எழும்புவது எல்லாம் "முழுதாக, இப்போதே" என்ற வகை. அதற்குக் கீ தான் வேகமானது. இடப்பக்கக் கீயிலிருந்து வலப்பக்கக் கீக்கு மாறுவதற்குள் ஒரு ஸ்டிக் நடுவைக் கூடத் தாண்டியிருக்காது.

எனவே என் கணக்கு இது: கீபோர்டு மட்டும் என்பது இந்த விளையாட்டுகளுக்குப் போதாது. கீபோர்டோடு மவுஸ் சேர்ந்தால் தாராளமாகப் போதும், குறிபார்ப்பதில் பல ஸ்டிக்குகளை அது தோற்கடிக்கும். ஸ்டிக் உண்மையில் தருவது துல்லியத்தைவிட நீடித்த, அளவான திருப்பம்; எதிரியின் பின்னால் ஒட்டிக்கொண்டே வளைவது, தரையிறங்கும்போது ஒரே சீராகச் சாய்வது. ஒரே ஒரு ஸ்டிக் இருந்தால் வலது கையில் அதையும் இடது கையில் கீபோர்டையும் வைத்து ஆடிப் பாருங்கள். சுழற்சி ஸ்டிக்கில், நகர்வு கீயில். த்ராட்டில் லீவரோ இரண்டாவது ஸ்டிக்கோ வாங்க வேண்டுமா என்பதை இப்படிச் சில வாரம் ஆடிய பிறகு யோசித்தால் போதும்.

1984-ல் பிபிசி மைக்ரோவில் வந்த முதல் எலைட்டைப் பலர் கீபோர்டிலேயே ஆடித் தீர்த்தார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். அன்று கப்பலுக்கு உருளலும் மேல்கீழும்தான். பன்னிரண்டு திசை கேட்கவில்லை.

## லீவரை நடுவில் வைத்தால் கப்பல் நிற்க மாட்டேன் என்கிறது

அல்லது அடியில் வைத்தால் பின்னால் ஓடுகிறது. இரண்டும் ஒரே அமைப்புதான். த்ராட்டில் அச்சு முழு வீச்சா, முன்னோக்கி மட்டுமா என்று விளையாட்டில் ஒரு தேர்வு இருக்கும். முழு வீச்சில் நடு பூஜ்யம், அடி ரிவர்ஸ். முன்னோக்கி மட்டும் என்றால் அடி பூஜ்யம், ரிவர்ஸுக்கு ஒரு பட்டன் தனியாக வைக்க வேண்டும். லீவரின் நடுவில் ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டால் முழு வீச்சு வசதி. தட்டுப்படாத லீவருக்கு இரண்டாவதே நல்லது, இல்லையென்றால் நிறுத்துமிடத்தில் கப்பல் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

கடைசி வரை தள்ளியும் வேகம் நூறைத் தொடவில்லை என்றால், லீவர் தன் முழு அளவை அனுப்பவில்லை. நடு டெட்ஸோனைத் தொடாமல், ஓரத்துக்கான அளவைச் சில சதவீதம் குறைத்தால் தொட்டுவிடும்.

முழு வேகத்தில் கப்பல் மந்தமாகத் திரும்புகிறது என்ற புகாரையும் இங்கேயே முடித்துவிடலாம். எலைட் டேஞ்சரஸில் வேகமானியில் நீல நிறப் பகுதி ஒன்று நடுவில் இருக்கும். வேகம் அதற்குள் இருக்கும்போதுதான் கப்பல் நன்றாகத் திரும்பும். ஸ்டிக் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

## நடுவில் ஸ்டிக் செத்துவிடுகிறது, பிடுங்கிச் செருகினால் உயிர் வருகிறது

நீண்ட பயணத்தில் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, சேருமிடம் வந்ததும் ஸ்டிக் அசையவில்லை என்றால் விண்டோஸ் அந்த யுஎஸ்பியைத் தூங்க வைத்துவிட்டது. டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியிலும், மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். பவர் பிளானின் உள் அமைப்புகளில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள்.

அசைத்துக்கொண்டிருக்கும்போதே அறுந்தால் கேபிளையும் ஹப்பையும் சந்தேகியுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தரக்கூடியது 500 மில்லிஆம்பியர். தனி மின்சாரம் இல்லாத ஒரு ஹப்பில் விளக்கெரியும் ஸ்டிக், த்ராட்டில், பெடல், ஹெட்செட் எல்லாம் தொங்கினால் அந்த அளவை எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஸ்டிக்கை மட்டும் கணினியின் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகி ஒரு நாள் ஆடினால் தெரிந்துவிடும்.

## நேற்று வைத்த பைண்டிங் இன்று இல்லை

எலைட் டேஞ்சரஸ் தொடங்கும்போது, பைண்டிங்கில் (எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்ற அமைப்பில்) உள்ள கருவிகளில் ஒன்று செருகப்படாமல் இருந்தால் உங்கள் அமைப்பை விட்டுவிட்டு இயல்பு அமைப்புக்குப் போய்விடும். அழிந்துவிட்டது என்று பதறி, மறுபடி எல்லாவற்றையும் இணைக்கத் தொடங்காதீர்கள். விளையாட்டை மூடி, எல்லாவற்றையும் செருகி, மறுபடி தொடங்கி, கட்டுப்பாட்டுப் பட்டியலின் உச்சியில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அப்படியே இருக்கும். பயனர் ஆப்டேட்டாவின் லோக்கல் ஃபோல்டருக்குள் விளையாட்டைத் தயாரித்த ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் எலைட் டேஞ்சரஸ், அதற்குள் ஆப்ஷன்ஸ், அதற்குள் பைண்டிங்ஸ். அந்தக் கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

ஒரே மாதிரி இரண்டு ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு வேறு வகைத் தலைவலி: கணினியை அணைத்துப் போட்டதும் இடதும் வலதும் மாறிவிடும். விண்டோஸ் அவற்றை எண்ணும் வரிசை மாறியதுதான் காரணம். போர்ட்டை மாற்றாமல் எப்போதும் அதே இடத்தில் செருகுவது பாதித் தொல்லையைக் குறைக்கும். ஸ்டார் சிட்டிசனில் வரிசையை மாற்றிப்போட கன்சோல் கட்டளையே இருக்கிறது.

## ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டு வேலை நடக்கிறது

ஸ்டீம் வழியே தொடங்கும் விளையாட்டு என்றால் ஸ்டீம் இன்புட்டைப் பாருங்கள். அது ஸ்டிக்கைப் பிடித்து ஒரு கேம்பேடாக வேஷம் போட்டுக் காட்டும். விளையாட்டோ உண்மையான ஸ்டிக்கையும் பார்க்கும், வேஷத்தையும் பார்க்கும். அந்த விளையாட்டின் ப்ராப்பர்ட்டீஸில், கண்ட்ரோலர் பகுதியில் அதை அணைத்துவிட்டால் சரி.

விஜாய், ஜாய்ஸ்டிக் க்ரெம்லின் போன்ற மென்பொருள்களால் இரண்டு கருவிகளை ஒரே கற்பனைக் கருவியாக்கியவர்களுக்கும் இதே கதை. அசல் கருவிகளை ஹிட்ஹைடு என்ற மென்பொருள் கொண்டு மறைத்தால்தான் விளையாட்டு கற்பனைக் கருவியை மட்டும் பார்க்கும். மறைத்தபின் க்ரெம்லினுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அதன் கண்ணுக்கும் ஸ்டிக் தெரியாது.

## ஸ்டிக்கை முன்னே தள்ளினால் மூக்கு மேலே போகிறது

விமானத்தில் பின்னால் இழுத்தால்தான் மூக்கு உயரும். உங்களுக்கு எது பழக்கமோ அதற்கேற்ப இன்வெர்ட்டை மாற்றுங்கள். மவுஸுக்கும் ஸ்டிக்குக்கும் தனித்தனி இன்வெர்ட் இருக்கும், ஒன்றை மாற்றிவிட்டு மற்றதைச் சோதிக்காதீர்கள்.

## பழைய விளையாட்டு ஸ்டிக்கைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது

பழைய விளையாட்டுகள் பல, பட்டியலில் முதலில் உள்ள ஒரே ஒரு ஸ்டிக்கைத்தான் பார்க்கும். முதல் இடத்தில் த்ராட்டிலோ கற்பனைக் கருவியோ உட்கார்ந்திருந்தால் உங்கள் ஸ்டிக் அதற்கு இல்லாததுதான். முதல் பகுதியில் சொன்ன அதே சாளரத்தில் அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தினால், பழைய நிரல்களுக்கு எந்தக் கருவி என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கும்.

1999-ல் வந்த எக்ஸ்-விங் அலையன்ஸ் இதற்கு நேர் எதிர்: ஜாய்ஸ்டிக் இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும். கீபோர்டு, மவுஸில் மட்டும் ஆடுகிறவர்கள் விஜாயில் ஒரு கற்பனை ஸ்டிக்கை உருவாக்கி அதைச் சமாளிக்கலாம்.

1990-ன் விங் கமாண்டர், 1993-ன் எக்ஸ்-விங் காலத்து விளையாட்டுகளை, பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டித்தரும் டாஸ்பாக்ஸில் ஓட்டும்போது கப்பல் ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டே போனால், அதன் அமைப்புக் கோப்பில் ஜாய்ஸ்டிக் பகுதியைத் திறங்கள். டைம்டு என்ற வரியில் ட்ரூ (true) என்று இருந்தால் ஃபால்ஸ் (false) என்று மாற்றுங்கள். அந்நாளைய பதினைந்து பின் கேம் போர்ட்டில், ஸ்டிக்கின் மின்தடை வழியே ஒரு கெப்பாசிட்டர் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கணினி எண்ணித்தான் ஸ்டிக்கின் இடத்தைத் தெரிந்துகொண்டது. அந்த எண்ணிக்கையை டாஸ்பாக்ஸ் பாவனை செய்வதில் வரும் பிசகு அது. அந்த விளையாட்டுகள் தொடக்கத்திலேயே "ஸ்டிக்கை நடுவில் வை, மூலைக்குத் தள்ளு" என்று கேட்பதும் இதனால்தான்; சலிப்பாக இருந்தாலும் தாண்டாமல் செய்யுங்கள்.

## எல்லாம் சரி, ஆனாலும் கீபோர்டில் ஆடியதைவிட மோசமாக ஆடுகிறேன்

புது ஸ்டிக் வாங்கிய எல்லோருக்கும் வருவது. சில வாரம் பொறுங்கள் என்பதைத் தவிர இரண்டு காரியம் செய்யலாம்.

ஒன்று, ஸ்டிக்கின் அடிப்பகுதி நகர்கிறதா என்று பாருங்கள். எடை குறைந்த ஸ்டிக்குகள் மேசையில் தூக்கிக்கொண்டு வரும். அதைப் பிடித்து நிறுத்தக் கை இறுகும், இறுகிய கையால் மெல்ல அசைக்க முடியாது. முழங்கை மேசை விளிம்பில் தொங்காமல் தாங்கலோடு இருக்கட்டும். அடியை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், அல்லது இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போடுங்கள்.

இரண்டு, ஸ்டிக்கைத் திருகும் அசைவுக்கு எதை வைத்திருக்கிறீர்கள்? இடவலச் சாய்வு உருளலாகவும் திருகல் இடவலத் திருப்பமாகவும் இருப்பது விமான மரபு. மவுஸிலிருந்து வருகிறவர்களுக்கு அது தலைகீழாக இருக்கும். இடப்பக்கம் தள்ளினால் மூக்கு இடப்பக்கம் போகும் என்று கை எதிர்பார்க்கும். இரண்டையும் மாற்றிப்போட்டு ஓர் இரவு ஆடிப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் திருகலை முழுவதுமாக அணைத்து, அந்த வேலையைக் கீபோர்டில் இரண்டு கீகளுக்குக் கொடுத்துவிடலாம். கர்வ், சென்சிடிவிட்டி, டெட்ஸோன் மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒன்றை மாற்றி, அதே பயிற்சிப் பணியை மறுபடி ஆடிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.